வேலையை விடலாமா? சாட்ஸ்வொர்த்தில் ஒரு கார் டீட்டெய்லிங் முடிவு: நிகழ்வு ஆய்வு

வேலையை விட்டுவிட்டு சொந்தமாகக் கார் டீட்டெய்லிங், அதாவது கார்களை உள்ளும் புறமும் நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் தொழில், தொடங்கலாமா? 2025 ஜூலையில் இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்தவர், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஓர் இளைஞர். அந்த வட்டாரத்துச் சிறு கடைக்காரர்களுக்கும் கைத்தொழில் செய்பவர்களுக்கும் நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன். பெயர் வேண்டாம், எண்களை எழுதலாம் என்று அவரே சம்மதித்தார். அவரைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் பலருக்கு இந்த எண்கள் உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தம்பி வேலை செய்வது ஒரு பேனல் பீட்டிங் பட்டறையில். மோதி நசுங்கி வரும் கார்களுக்குத் தகடு தட்டி, பெயிண்ட் அடித்து முடித்த பிறகு, கடைசியாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி அனுப்புவது அவர் வேலை. கைக்கு வரும் மாதச் சம்பளம் 16,000 ரேண்ட். ஓய்வுக்காலச் சேமிப்பு, ஆண்டு இறுதி போனஸ், சம்பளத்தோடு வரும் விடுமுறை எல்லாவற்றையும் மாதக் கணக்காகப் பிரித்து 2,500 ரேண்ட் என்று போட்டோம். ஆக, சொந்தத் தொழில் செலவெல்லாம் போக மாதம் 18,500 ரேண்ட் கொடுத்தால்தான் இன்றைய நிலைக்குச் சமம். சேமிப்பு 85,000 ரேண்ட். மனைவி பகுதிநேர வேலைக்குப் போகிறார். ஒரு பெண் குழந்தை. கூடவே அம்மா.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. மாதம் பிறந்தால் வரும் சம்பளத்தை விடக் கூடாது என்பது அம்மாவின் கட்சி. மாமா இதற்கு நேர் எதிர். டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸ் தொழிற்பேட்டையில் காலியாக இருந்த ஒரு சிறு கூடத்தைப் பார்த்து, பேசியும் வைத்துவிட்டார். "இன்னொருத்தன் பட்டறையில எத்தனை வருஷம்டா மாப்ளே? எடத்தைப் பிடி, போர்டை மாட்டு, வர்றவன் வருவான்" என்றார். மனைவி அதிகம் பேசவில்லை. "அந்த நோட்டை முதல்ல அண்ணன்கிட்ட காட்டுங்க" என்று மட்டும் சொன்னார். இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்ட வாக்கியம் அதுதான்.

நோட்டில் இருந்தது

தம்பி ஓராண்டாக சனி, ஞாயிறுகளில் தெரிந்தவர்களின் கார்களைச் செய்து கொடுத்துவந்தார். எந்தக் கார், என்ன வேலை, எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று எல்லாவற்றையும் ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்தார். மொத்தம் 23 கார்கள். அதில் 9 பெயிண்ட் வேலை, அதாவது கீறல்களையும் சுழல் கோடுகளையும் மெஷின் வைத்து எடுத்து மெருகேற்றுவது. மீதி 14 உள்பக்க வேலை: சீட், கார்பெட், கூரைத் துணி, டாஷ்போர்டு.

பெயிண்ட் வேலையைப் பற்றிப் பேசும்போது தம்பியின் முகமே மாறிவிடும். படங்கள் எடுத்து வைத்திருக்கிறார். மங்கிப்போன கறுப்பு போலோ கார் ஒன்றின் கதவில் அவர் கைபேசியின் எழுத்துகள் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. உள்பக்க வேலை அவருக்கு அலுப்பு. அதைப் பற்றி ஒரு படம்கூட இல்லை.

பெயிண்ட் வேலை செய்துகொண்ட 9 பேரில் ஒருவர்கூட அந்த ஆண்டில் மறுபடி வரவில்லை. உள்பக்க வேலைக்கு வந்த 14 பேரில் 5 பேர் திரும்பி வந்தார்கள், அதில் 2 பேர் மூன்று முறை.

பெயிண்ட் ஆட்கள் வராததற்குக் காரணம் வேலை மோசமாக இருந்தது அல்ல, நன்றாக இருந்ததுதான். இன்றைய கார்களில் வண்ணப் பூச்சின் மேல் நிறமில்லாத கிளியர் கோட் ஒன்று இருக்கும். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 35 முதல் 50 மைக்ரான், தலைமுடியின் தடிமனில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். கீறலை எடுப்பது என்றால் கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டையே சில மைக்ரான் தேய்த்துச் சமமாக்குவது. ஒருமுறை செய்யலாம், இரண்டு முறையும் செய்யலாம். அடிக்கடி செய்தால் அந்தப் படலம் மெலிந்து, டர்பன் வெயிலில் மேலே உரியத் தொடங்கிவிடும். அப்புறம் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. நேர்மையாக வேலை செய்பவர் "இனி இரண்டு வருஷத்துக்கு மெஷின் வேண்டாம், ஒழுங்காகக் கழுவினால் போதும்" என்று சொல்லித்தான் அனுப்புவார். தம்பியும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

அவர் நேர்மையை நான் குறைவாக மதிப்பிடவில்லை. நோட்டில் ஒரு பழைய வெள்ளி நிற டொயோட்டா இருக்கிறது. உரிமையாளர் பானட்டில் இருந்த ஆழமான கீறலை எடுக்கச் சொன்னார். தடிமன் மானியை வைத்துப் பார்த்தால் மொத்தப் பூச்சே 80 மைக்ரானுக்குக் கீழே. பொதுவாக நிறுவனத்திலிருந்து வரும் பூச்சு 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். யாரோ முன்னமே நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள். சாதாரண மானி மொத்தத் தடிமனைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. பிளாஸ்டிக் பம்பரில் அதுவும் வேலை செய்யாது. ஆனால் பட்டறை அனுபவம் உள்ள கண்ணுக்கு மறுபூச்சு எது, தேய்ந்த பூச்சு எது என்று தெரிந்துவிடும். தம்பி அந்த வேலையை மறுத்துவிட்டார். "மறுத்தேன், 0" என்று நோட்டில் எழுதியிருக்கிறது. இப்படிப்பட்ட ஆளிடம் யார் வேண்டுமானாலும் காரை நம்பி விடலாம். ஆனால் அந்த நம்பிக்கை எந்த வேலை மூலம் மாதாமாதம் பணமாக வரும் என்பதுதான் நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

டர்பன் கார்களுக்கு என்ன தேவை

ஊரைப் பார்க்காமல் இந்தத் தொழிலைப் பற்றி முடிவெடுக்க முடியாது. டர்பனில் கோடை என்றால் மழையும் புழுக்கமும்தான். அக்டோபர் முதல் மார்ச் வரை காற்றில் ஈரம் குறைவதே இல்லை. ஒரு வாரம் மூடி நிறுத்திய காரின் சீட் பெல்ட்டில்கூடப் பூஞ்சை பிடிக்கும். கடற்கரைக்குப் போய்வந்தால் கார்பெட்டில் மணல். உப்புக் காற்று சக்கர வளைவுகளில் துருவைக் கிளப்பும். வடக்கே மவுண்ட் எட்ஜ்கம்ப், வெருலம், டொங்காட் பக்கம் அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டங்களைக் கொளுத்தும் மாதங்களில், சாம்பல் கறுப்புத் துகளாக வந்து கார்களின் மேல் படியும். கரும்புச் சாம்பலில் சிலிக்கா அதிகம். உலர்ந்த துணியால் துடைத்தால் அதுவே கீறல் போடும். முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்ற வேண்டும்.

நம் வீட்டுக் கார்களுக்கென்று தனிப் பிரச்சினைகளும் உண்டு. கோவிலுக்குப் போகும் வழியில் தாம்பாளத்திலிருந்து சிந்திய விளக்கெண்ணெய், சீட்டில் கொட்டிய மஞ்சள், புதுக் காருக்குப் பூசை போட்டபோது பானட்டில் இட்ட குங்குமம். காரத்தன்மையுள்ள சாதாரண கிளீனரை மஞ்சள் கறையில் அடித்தால் அது சிவந்து இன்னும் மோசமாகும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமம் ஆவது போலத்தான் இதுவும். லேசான அமிலம் தொட்டு ஒற்றி எடுத்து, பிறகு நல்ல வெயிலில் காயவைத்தால் பெரும்பாலும் மங்கிவிடும். தம்பிக்கு இது தெரியும். மூன்று முறை வந்த அந்த இரண்டு வாடிக்கையாளர்களும் இந்த மாதிரிக் கறைகளுக்காகத்தான் வந்திருந்தார்கள்.

அவர் விரும்பும் வேலையில் ஆள் திரும்புவதில்லை, அலுப்பாகச் செய்யும் வேலையில் ஆள் திரும்புகிறார். இதை நான் சொன்னபோது தம்பிக்கு வருத்தம்தான். ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

மாமா பார்த்த கூடம்

மாமா பேசி வைத்த இடத்தின் வாடகை மாதம் 9,500 ரேண்ட், முன்பணம் இரண்டு மாத வாடகை. அதோடு தண்ணீர், மின்சாரம், காப்பீடு, பொருட்கள் எல்லாம் சேர்த்தால் மாதச் செலவு ஏறக்குறைய 15,900. வீட்டுக்கு வேண்டிய 18,500-ஐக் கூட்டினால் 34,400 ரேண்ட் வசூலாக வேண்டும். ஒரு முழுப் பெயிண்ட் வேலைக்கு 4,000 ரேண்ட் என்றால் மாதம் 9 கார்கள். கையால் செய்ய முடியாத எண்ணிக்கை அல்ல. ஆனால் ஆண்டுக்கு 108 கார்கள், 108 வேறு வேறு உரிமையாளர்கள், அடுத்த ஆண்டு இன்னொரு 108. வார இறுதி நாட்களில் மட்டும் செய்தாலும், ஓராண்டில் தெரிந்தவர் வட்டத்திலிருந்து வந்தது 9.

கூடத்துக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். செராமிக் கோட்டிங், அதாவது பெயிண்டைக் காக்க அதன் மேல் போடும் கெட்டியான பூச்சு, போடுவதற்கு மூடிய இடம் தேவை. அந்தப் பூச்சு காற்றின் ஈரத்தோடு சேர்ந்துதான் இறுகும். ஜனவரிப் புழுக்கத்தில் அது வேகமாக இறுகி, சரியான நேரத்தில் துடைத்து எடுக்காவிட்டால் திட்டுத் திட்டாக நின்றுவிடும், திரும்பத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். போட்ட பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படக் கூடாது. வீட்டு வாசலில் மழையை நம்பி இதைச் செய்ய முடியாது. ஆகவே வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்ச் செய்யும் நடமாடும் தொழில் என்றால் அதிக விலையுள்ள இந்த வேலையைப் பெரும்பாலும் விட்டுவிட வேண்டும். மாமாவின் சொந்த வீட்டில் ஒற்றைக் கார் நிற்கும் கராஜ் ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு பெயிண்ட் வேலைக்கு அது போதும் என்று பேசி முடித்தோம்.

கழிவு நீரையும் மறக்கக் கூடாது. கார் கழுவிய தண்ணீர் மழைநீர் வாய்க்காலில் போகக் கூடாது, வண்டலும் எண்ணெயும் தங்கும் தொட்டி வழியாகச் சாக்கடைக்குத்தான் போக வேண்டும். சாட்ஸ்வொர்த்தின் சரிவுகளில் ஓடும் அழுக்கு உம்லதுசானா ஆற்றில் சேர்ந்து டர்பன் துறைமுகத்துக்குள் போகிறது. அந்தக் கூடத்தில் அப்படிப்பட்ட தொட்டி இல்லை. கட்டும் செலவு யாருடையது என்பதற்கு இட உரிமையாளர் பதில் சொல்லவே இல்லை.

அம்கெனி சாலைக் கார்கள்

பழைய கார் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும் அம்கெனி சாலையில் ஒருவர் வாரம் 5 கார்கள் தருவதாகச் சொன்னார். ஒரு காருக்கு 450 ரேண்ட், பணம் 30 நாள் கழித்து. ஒரு காருக்கு 4 மணி நேரம் ஆகும், ஆக மணிக்கு 112 ரேண்ட் சொச்சம். அவர் கேட்டது கீறலை எடுப்பது அல்ல. எண்ணெய்ப் பசையுள்ள பாலிஷைப் பூசி, விற்கும் வரை கீறல் தெரியாமல் நிரப்பிவிடுவது. தம்பிக்கு மனம் ஒப்பவில்லை. அந்த மறுப்பை நான் முழுமனதோடு ஆதரித்தேன். இரண்டு மாதத்தில் கீறல் வெளியே தெரியும்போது அதை வாங்கிய குடும்பம் நம் தெருவில்தான் இருக்கும்.

தண்ணீரும் இழுவண்டியும்

நடமாடும் தொழில் என்றதும் எல்லோரும் முதலில் யோசிப்பது 500 லிட்டர் தொட்டி வைத்த இழுவண்டி. இங்கே ஒரு சட்டச் சிக்கல். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோவுக்கு மேல் போகும் இழுவண்டிக்குப் பிரேக் வேண்டும். ஓட்டுபவரிடம் சாதாரண கார் உரிமம் போதாது, இழுவண்டிக்கான உயர் வகை உரிமம் தேவை. தண்ணீர் மட்டுமே அரை டன், அதன் மேல் வண்டியின் எடை, ஜெனரேட்டர், பிரஷர் வாஷர்.

எங்கள் பகுதித் தண்ணீர் நிலையும் அந்தத் திட்டத்துக்கு எதிராகவே இருந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர் மாதக் கணக்கில் லாரித் தண்ணீரை நம்பிக் கிடந்தது. வெருலம், பீனிக்ஸ் பக்கம் குழாய் வறண்டு போவது இன்றும் புதிதல்ல. தண்ணீருக்காக மக்கள் வரிசையில் நிற்கும் தெருவில் குழாயைத் திறந்து கார் கழுவுவது யாருக்கும் பொறுக்காது, பொறுக்கவும் கூடாது.

கழுவி அலசத் தேவையில்லாத கரைசல் கொண்டு துடைக்கும் முறையில் ஒரு காருக்கு 10 லிட்டர் போதும். சேறு அப்பிய வண்டிக்கு மட்டும் முன்கூட்டியே தெளிக்க வேண்டும். தம்பியின் பழைய பக்கியின் (பின்னால் திறந்த தட்டுள்ள சிறு வண்டி) பின்பக்கம் 100 லிட்டர் கேன்களும், சீட் உறிஞ்சும் மெஷினும், காற்றடிக்கும் மெஷினும், பாலிஷ் மெஷினும், சிறிய ஜெனரேட்டரும் வைத்தால் இழுவண்டியே வேண்டாம். 2023 மின்வெட்டுக் காலத்தை நினைத்தால் ஜெனரேட்டரை நான் விடச் சொல்ல மாட்டேன். பட்டறைச் சாமான்களில் பாதி ஏற்கெனவே அவரிடம் இருந்ததால் மீதிக்கு 38,000 ரேண்ட் போதும் என்று கணக்கு வந்தது.

காப்பீட்டில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. 2008 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கையாளரின் பொருள் கையில் இருக்கும்போது அதைக் கவனமாகக் காக்கும் பொறுப்பு தொழில் செய்பவருடையது. 'எல்லாம் உரிமையாளர் பொறுப்பு' என்று பலகை மாட்டினாலும் கடும் அலட்சியத்திலிருந்து தப்ப முடியாது. எரிபொருள் வரியில் நடக்கும் சாலை விபத்து நிதியம் ஆளுக்கு ஏற்படும் காயத்துக்குத்தான் ஈடு தரும், நசுங்கிய காருக்குத் தராது. மாமாவின் கராஜுக்கு வாடிக்கையாளர் காரைத் தம்பி ஓட்டிப்போகும் வழியில் ஒரு மோதல் நடந்தால் சேமிப்பு முழுவதும் போய்விடும். வாகனத் தொழில் செய்பவர்களுக்கென்று இருக்கும் காப்பீட்டில், சாலையில் ஓட்டும்போதும் கராஜில் நிற்கும்போதும் இரண்டுக்கும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தோம்.

எண்கள் எங்கே நின்றன

நடமாடும் தொழிலின் மாதச் செலவு, பெட்ரோல், பொருட்கள், காப்பீடு, தொலைபேசி, தேய்மான ஒதுக்கீடு சேர்த்து, 6,700 ரேண்ட். மாதம் 10 உள்பக்க வேலை, தலா 1,200. ஒரு பெயிண்ட் வேலை, 4,000. சேர்த்தால் 16,000, செலவு போக 9,300. வேண்டிய தொகையில் பாதி.

மீதிப் பாதிக்கு நாங்கள் கண்ட வழி, மாதம் இருமுறை வந்து துடைத்துக் கொடுக்கும் பராமரிப்பு ஏற்பாடு. ஒரு முறைக்கு 350 ரேண்ட், ஆக ஒரு வாடிக்கையாளர் மாதம் 700. சாலையோரத்தில் நூறு ரேண்டைச் சுற்றிக் கார் கழுவுகிறார்களே, யார் 350 கொடுப்பார்கள் என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பெயிண்ட் வேலைக்கு 4,000 கொடுத்தவர்தான் இதற்குச் சரியான ஆள். அழுக்குத் துணியால் யாராவது துடைத்தால் அந்த 4,000 வீண் என்பது அவருக்கு இப்போது தெரியும். அதாவது தம்பி விரும்பும் வேலை வாடிக்கையாளரை உள்ளே கொண்டுவரும், அவர் விரும்பாத வேலை வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும்.

அப்படி 14 பேர் கிடைத்தால் 9,800 ரேண்ட் கூடும், செலவு போக 19,100 நிற்கும். 13 பேர் என்றால் போதாது. ஆனால் நேரத்தைக் கூட்டிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. மழை நாட்களைக் கழித்து மாதம் 17 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 136 மணி. வேலைகளும் பயணமும் சேர்ந்து 135 மணி. தனி ஆளாக இந்தத் தொழில் முழுதாக நிரம்பினாலும் இன்றைய சம்பளத்தைவிட 600 ரேண்ட்தான் அதிகம்.

உதவிக்கு ஓர் ஆள் வந்தால் நிலைமை மாறும். 2025 மார்ச் முதல் அப்போதைய குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது. 17 நாளுக்கு ஏறக்குறைய 3,915 ரேண்ட், அதோடு வேலையின்மைக் காப்பீட்டுக்கு ஒரு சதவீதம். இரண்டு பேர் செய்தால் மிச்சமாகும் நேரத்தில் மாதம் 5 உள்பக்க வேலை கூடுதலாக எடுத்தாலே 6,000 வரும். ஆக, தம்பி கேட்க வேண்டிய கேள்வி, எனக்கு நன்றாகப் பாலிஷ் போடத் தெரியுமா என்பது அல்ல. சீட் உறிஞ்சும் வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் செய்ததைச் சோதித்து, அதற்கு நான் பொறுப்பேற்பேனா என்பது.

வரி பெரிய தடையாக இல்லை. இந்த வசூல் ஆண்டுக்கு 309,600 ரேண்ட். சிறு தொழில்களுக்கான மொத்த வசூல் வரி முறையில் 2025-இல் முதல் 335,000 ரேண்டுக்கு வரி இருக்கவில்லை.

முடிவு

2025 ஆகஸ்டில் தம்பி எடுத்த முடிவு: கூடம் வேண்டாம், கடைக் கார்கள் வேண்டாம், வேலையையும் இப்போது விட வேண்டாம். பராமரிப்பு வாடிக்கையாளர் 14 பேர் தொடர்ந்து மூன்று மாதம் பணம் கட்டினால், கையில் நான்கு மாத வீட்டுச் செலவு தனியாக இருந்தால், அன்றைக்கு ராஜினாமா. சாமான்களையும் காப்பீட்டையும் உடனே எடுத்தார். மாமாவுக்குக் கோபம். இரண்டு வாரம் பேசவில்லை, அப்புறம் அவரே கராஜைச் சுத்தம் செய்து வெள்ளை விளக்குகள் மாட்டிக் கொடுத்தார்.

டிசம்பரில் பட்டறை மூடும் வாரங்களைச் சோதனைக் காலமாக வைத்துக்கொண்டோம். உள்பக்க வேலை எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தது. ஆனால் பாதி, விடுமுறைக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த கார்கள், மணலை எடுத்ததும் ஊருக்குப் போய்விட்டன. அந்தப் பணத்தைத் தனியாக எழுதச் சொன்னேன், மாதக் கணக்கில் சேர்க்க விடவில்லை. பராமரிப்பு வாடிக்கையாளர்கள் பிப்ரவரி முடிவில் 9 பேர். அதில் 4 பேர் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள். தண்ணீர் தரையில் ஓடாத முறை என்பதால் குடியிருப்பு நிர்வாகம் அனுமதி கொடுத்தது. பயண நேரமும் அந்த நால்வருக்கும் சேர்த்து ஒரே பயணமாகக் குறைந்தது. இன்னும் இரண்டு குடியிருப்புகளில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் இப்போது பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் சம்பளத்துக்கு உதவிக்கு வருகிறான். சென்ற வாரம் அவன் தனியாகச் செய்த சீட்டைத் தம்பி மறுபடி செய்யவில்லை, கையால் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே அனுப்பினார். பட்டறை முதலாளியிடம் வெள்ளிக்கிழமைகளைச் சம்பளமில்லாத விடுமுறையாகக் கேட்டிருக்கிறார். கிடைத்தால் மீதி 5 பேரைச் சேர்க்க நேரம் இருக்கும். கிடைக்காவிட்டால் மே மாதம் வெயில் தெளிந்த பிறகு மறுபடி உட்கார்ந்து இதே கணக்கைப் போடுவதாக இருக்கிறோம்.